மேஜையின் நான்காவது பக்கம்

மேஜையில் ஐந்து தட்டுகள் இருந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர்.

கோரின் காப்பிக் கோப்பையை மடியில் இறக்கிக்கொண்டாள். திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. பாலைவனத்திலிருந்து வரும் காற்று மூன்றாவது நாளாக ரெசீடா ஊரின் தெருக்களில் வீசிக்கொண்டிருந்தது. காய்ந்த பனையோலைகள் தார்ச்சாலையில் உரசிப் போகும் சத்தம் ஜன்னலடியில் யாரோ காகிதத்தை மெதுவாகக் கசக்குவதுபோலக் கேட்டது. டிவியில் ஒரு பழைய நகைச்சுவைத் தொடரின் ஹாப்வுட் குடும்பம் கறுப்பு வெள்ளையில் சாப்பிட உட்கார்ந்திருந்தது. அப்பா, அம்மா, எட்டு வயதுப் பென்னி. பென்னியாக நடித்தவள் கோரின்தான். இப்போது அவளுக்கு அறுபத்தாறு.

பென்னிக்குப் பக்கத்தில் அண்ணன் டெடி இருக்க வேண்டும். அங்கே அவன் தட்டு இருந்தது. தட்டுக்குப் பின்னால் சுவர்க்காகிதத்தின் பூக்கள் தெரிந்தன.

பதினோரு வருடம் கேபிளில் ஓடிய தொடர் இன்றுதான் ஆன்டெனாவில் வரும் இலவச சேனலுக்கு மாறியிருந்தது. இப்படிக் கை மாறும்போதெல்லாம் வெட்டுவார்கள். அரை மணி நேரத்துக்குள் இன்னும் நாலு விளம்பரம் நுழைய வேண்டும். கடைசியில் வரும் சிறு காட்சி முதலில் போகும். பிறகு ஒரு வரி, ஒரு கதவு திறப்பு, ஒரு சிரிப்பு. அதெல்லாம் அவளுக்குப் பழகிப்போனது. ஆனால் காட்சியின் நடுவில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்னும் பையனை எப்படி வெட்டுவது?

"கை கழுவிட்டு எல்லாரும் மேஜைக்கு!" என்றாள் அம்மா. ஒவ்வொரு அத்தியாயத்திலும் சொல்லும் வரி. படப்பிடிப்பு அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களின் சிரிப்பு கேட்டது. அம்மாவாக நடித்தவள் இறந்து முப்பது வருடம் ஆகிறது.

மேஜையின் இந்தப் பக்கம் எப்போதும் காலி. காமிரா நிற்கும் பக்கம். அங்கே தரை வரை தொங்கிய மேஜைவிரிப்பு ஒருமுறை உள்ளிருந்து புடைத்து அடங்கியது.

"வெண்டல்! டெடி எங்க?"

அடுக்களையிலிருந்து அவள் கணவன் எட்டிப் பார்த்தான். "எந்த டெடி?"

"விளையாடாத. தொடர்ல என் அண்ணன்."

"உனக்கு ஏது அண்ணன்? அந்த வீட்ல நீ ஒரே செல்லம். அதான வாய் இவ்ளோ நீளம்."

"ரஸ் அமண்ட்சன். அவன்தான் டெடி. இருபது வருஷம் அவன்கூட ஏரிக்கு மீன் பிடிக்கப் போனியே!"

"தனியாத்தான் போனேன், கோரி." வெண்டல் சிரித்தான். "உன்கிட்டேருந்து தப்பிச்சுத் தனியா உக்காரத்தானே போறதே."

அவன் பொய் சொல்லும் முகம் அவளுக்குத் தெரியும். இது அந்த முகம் அல்ல.

கொட்டகையில் இரண்டு தூண்டில்கள் சாய்ந்திருந்தன. நடைவழியில் தொங்கிய படத்தில் ஹாப்வுட் வீட்டார் தோளோடு தோள் நிற்க, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. ஓரத்திலும் ஓர் இடைவெளி. அங்கே நின்றவர் தொடரின் கிளெம் மாமா. பதினோரு வருடம் முன்பு தொடர் கேபிளுக்குப் போன வாரத்தில் அவர் காணாமல் போனார். அப்போதும் அவள் கேட்டாள். எல்லோரும் கையை விரித்தார்கள். வயதானால் இப்படித்தான் என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவளும் விழுங்கினாள்.

இந்த முறை விழுங்கப் போவதில்லை.

மறுநாள் சேனலுக்குப் போன் செய்தாள். நான்கு பேரிடம் மாற்றி மாற்றி விட்டுக் கடைசியில் டெஸ்மண்ட் என்று ஒருவன் வந்தான். வெட்டுவது அவன் வேலை.

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டுதான் எடுத்தோம், மேடம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுது. டெடிய எடுத்திருக்கீங்க."

விசைகள் தட்டும் சத்தம். "அப்படி ஒரு பேரே பட்டியல்ல இல்லயே. நீங்க யாருன்னு சொன்னீங்க?"

"பென்னியா நடிச்சவ."

அவன் மறுபடி விசைகளைத் தட்டினான். "எங்ககிட்ட இந்த ஒரு வாரம்தான் மேடம். அடுத்த திங்கள் வேற ஒரு கேபிள் சேனல்ல ஆரம்பிக்குது. அவங்களுக்கு இன்னும் சின்னதா வேணுமாம். வெட்டி அனுப்பியாச்சு."

"அதுல யார் யார் இருக்காங்க?"

"அப்பா, அம்மா, நாய்." அவன் குரலில் கேலி இல்லை. "எப்பவும் அவ்ளோதானே?"

ஹாப்வுட் வீட்டில் நாய் கிடையாது.

"நாய் எங்க இருக்கும்?"

"மேஜைக்கு அடியில, மேடம். விரிப்பு ஆடிட்டே இருக்குமே."

வியாழன் காலை வெண்டல் ஒரே ஒரு கோப்பை காப்பி போட்டான். அவள் இன்னொரு கோப்பையை அவன் முன் நங்கென்று வைத்தாள். "அட, மறந்துட்டேன்" என்றான். சனிக்கிழமை கொல்லையில் கரி மூட்டி ஒரே ஒரு துண்டு இறைச்சி வாட்டினான். அதை அவள் தின்றாள். ஞாயிறு அவள் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வலைக்கதவுக்கு அப்பால் வெண்டலின் முகம். நாற்பத்தொரு வருடம் பார்த்த முகம். மரியாதையாகக் கேட்டது.

"யார் வேணுங்க?"

காற்று அவள் பாவாடையைக் கால்களில் சுற்றியது.  அவள் வலைக்கதவை உள்ளங்கையால் தட்டினாள்.

"உன் பொண்டாட்டி. முழங்கால் ஆபரேஷனப்ப உனக்கு ஆறு வாரம் சாக்ஸ் மாட்டிவிட்டவ. கதவத் திற, கிழவா."

அவன் கண்களில் ஏதோ மெதுவாக ஊறி வந்தது. "கோரி..." என்றான். வெட்கப்பட்டான். திறந்தான்.

நாளைக்குப் பிறகு திறக்க மாட்டான்.

அன்றிரவு அவள் தூங்காமல் யோசித்தாள். எட்டு வயதில் அவளே கண்டுபிடித்த ஒரு தந்திரம் இருந்தது. அப்போதும் வெட்டுவார்கள், முதலில் போவது குழந்தைகளின் வரிகள்தான். ஆனால் அம்மா 'கை கழுவிட்டு' என்ற அந்த வரியைச் சொல்லும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் வெட்ட முடியாது. அந்த வரி இல்லாமல் தொடர் இல்லை. டெடிக்கு அந்தத் தந்திரம் வரவில்லை. அவன் மேஜைவிரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருப்பான், தன் அப்பாவின் பெரிய கைக்கடிகாரம் மணிக்கட்டில் தொளதொளவென்று சுற்ற.

பென்னியின் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். சரி. மேஜைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறதே. காமிரா நிற்கும் பக்கம். அதை எடுத்துவிட்டு எதைக் காட்டுவார்கள்?

திங்கள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம். வெண்டல் தன் சாய்வு நாற்காலியில், மடியில் சோளப்பொரியோடு, அவள் யாரென்று கேட்கக் கூச்சப்படுகிறவன்போல உட்கார்ந்திருந்தான். கோரின் அடுக்களை நாற்காலியை இழுத்து வந்து, டிவியில் முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருக்கிப் போட்டாள். உட்கார்ந்தாள்.

"ஏங்க, மறைக்குது" என்றான் அவன் பணிவாக.

"மறைக்கட்டும்."

முகப்பு இசை. வீட்டு வாசல். பிறகு மேஜை. ஐந்து தட்டுகள். அப்பா, அம்மா. தட்டுகளின் வெள்ளை அவள் கண்ணைக் கூசவைத்தது. அதோடு சூடும் உறைத்தது. நெற்றியில், கைகளில், அந்தப் பெரிய விளக்குகளின் சூடு. தூசி கருகும் வாசனை. அதற்கடியில் இன்னொரு வாசனை: இறைச்சி பளபளக்கவேண்டும் என்று படப்பிடிப்பில் தடவும் வார்னிஷ். ஐம்பத்தெட்டு வருடமாக மூக்குக்கு வராத வாசனை.

அவள் கையை நீட்டினாள். கண்ணாடி தடுக்கவில்லை. விரலில் துணி பட்டது. கஞ்சி போட்ட மேஜைவிரிப்பு.

கையைப் பார்த்தாள். சாம்பல் நிறம்.

அம்மா நிமிர்ந்தாள். புன்னகை. வாய் திறந்தது.

கோரின் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஜில்லென்றிருந்தது.

"கை கழுவிட்டு எல்லாரும் மேஜைக்கு!"

சிரிப்பு.

பின்னாலிருந்து வந்தது. வீட்டுச் சுவரும் வெண்டலின் நாற்காலியும் இருக்க வேண்டிய திசையிலிருந்து. நூறு பேர். இருநூறு பேர். அதற்குள் ஒரு சிரிப்பு அவளுக்குத் தெரிந்தது. மூச்சு இழுத்து இழுத்துச் சிரிப்பது. சோளப்பொரி வாயோடு.

அவள் திரும்பவில்லை.

"உக்காந்தாச்சு" என்றாள்.   "இப்ப வெட்டுங்க பாப்போம்."

அப்பாவும் அம்மாவும் புன்னகை மாறாமல் காத்திருந்தார்கள். சிரிப்பு முடிந்தால்தான் அடுத்த வரி. சிரிப்பு முடியவில்லை.

விரிப்பு புடைத்தது.

இந்தப் பக்கம் உட்கார்ந்தவளுக்கு மட்டும் தெரியும் இடம் அது. அவள் குனிந்தாள். விரிப்பைத் தூக்கினாள். இருட்டு. ஈரத் துணியின் வாடை. முதலில் ஷூக்கள் தெரிந்தன. பெரியவை ஒரு ஜோடி, கிளெம் மாமாவுடையவை. சிறியவை ஒரு ஜோடி. காகிதம்போல மடிந்து கிடந்தார்கள். ஆட்கள் மடியாத விதத்தில்.

இருட்டிலிருந்து ஒரு சிறிய கை வந்தது. அவள் பாவாடையைப் பற்றியது. நூலைப் பிய்த்தது. மணிக்கட்டில் பெரிய கடிகாரம்.

"டெடி."

பிடி இறுகியது.

"வா. உன் தட்டு இங்கதான் இருக்கு."

ஒரு கையால் அம்மாவை விடவில்லை. மறு கையால் அவனைப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மேலே. வெளிச்சத்துக்கு.

வந்தது.

கை மட்டும் வந்தது.

முழங்கைக்குக் கீழே நேரான ஒரு கோடு. ரத்தம் இல்லை. கத்தரித்த படச்சுருள்போல வழுவழுப்பான விளிம்பு. விரல்கள் அவள் விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தன. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

சிரிப்பு உயர்ந்தது.

கோரின் அந்தக் கையை டெடியின் தட்டுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்தாள். விடவில்லை. பிறகு மீதியைத் தேடி மறுபடி குனிந்தாள்.