கடைசி வண்டி வந்தாச்சு

பழைய கார்கள் வரிசைகட்டி வந்தால் காஞ்சிபுரத்தில்கூட வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்துவிடுகிறது. வருஷா வருஷம் தேர் பார்த்து அலுத்த ஊர்தான். ஆனாலும் அம்பாசிடரும் பியட்டும் ஹாரன் அடித்தபடி காந்தி ரோட்டில் ஊர்ந்தபோது, பட்டுக்கடை ஆட்கள் விரித்த புடவையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தார்கள்.

வரிசையில் கடைசியாக வந்தது பாலேட்டு நிறக் கான்டெஸா. செல்போன்கள் எல்லாம் அதன் பக்கம்தான் திரும்பின. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அர்ஜுனனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி காந்தா மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"என்னங்க, சேத்து வாடை அடிக்குதுங்க."

"தாம்பரத்துலேர்ந்து இதையே சொல்லிக்கினு வர்ற. சீட்டு புதுசு, கார்ப்பெட் புதுசு. வாடை எங்கேர்ந்து வரும்?"

ஆற்றுச் சேற்றின் வாடை அது. தண்ணீர் வடிந்த பிறகு கரையில் அழுகிக் கிடக்கும் கோரைப்புல்லின் வாடை. காந்தாவுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கப் பயமாக இருந்தது.

இந்த வண்டி ராமலிங்கத்தினுடையது. பழைய கார் சங்கத்திலேயே மூத்தவர், பெற்ற பிள்ளையைப்போல இதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவர். அர்ஜுனன் இதைக் கேட்காத நாளில்லை. ஆசை வெட்கம் அறியாது என்பார்களே, அப்படி. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். பெரியவர் அப்பளத்தை நொறுக்கியபடி சிரித்தார். "நான் உசிரோட இருக்கிற வரிக்கும் தரமாட்டேன் அர்ஜுனா. அப்பால நீயே எடுத்துக்கோ." பந்தியே சிரித்தது. அர்ஜுனனும் சிரித்தான்.

போன ஐப்பசியில் சங்கம் இதே ஊருக்குச் சுற்றுலா வந்தது. அன்று காந்தா வரவில்லை. மாகறல் கோயிலுக்குப் போகும் வழியில் கொட்டுகிற மழையில் செய்யாற்றுத் தரைப்பாலத்தைக் கடந்தார்கள். எல்லா வண்டியும் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தது, கான்டெஸாவைத் தவிர. மறுநாள் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் மணலில் மூக்குப் புதைந்து கிடந்த வண்டியைக் கண்டுபிடித்தார்கள். பெரியவர் உள்ளேயே இருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தனவாம்.

அவர் மனைவி தில்லையம்மாள், "அது என் கண்ணுல படவேணாம், யாருனா கொண்டு போயிடுங்கப்பா" என்று அழுதாள். மற்றவர்கள் தலைகுனிந்து நின்றபோது அர்ஜுனன்தான் முன்னால் போய்ச் சாவியை வாங்கினான். காரியம் முடிந்த வீட்டில், போட்ட பந்தல்கூடப் பிரிக்கவில்லை. காந்தாவுக்கு அன்றைக்கே மனது கசந்துவிட்டது.

சாப்பாடு முடிந்து, மாசி வெயில் சாய்ந்ததும் மறுபடி மாகறல் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். எல்லா வண்டிச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன்வண்டி ஓட்டுகிற அப்துல் ரஹ்மான் பாய், வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருப்பவர், அவரும் தன் அம்பாசிடருக்குப் பழம் வைத்துவிட்டுத்தான் ஏறுவார். கான்டெஸா நகர்ந்தபோது பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. காந்தா கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள்.

சாறு இல்லை. கலங்கல் தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது.

"என்னங்க, இன்னிக்கு நாம போகவேணாங்க."

"வாய மூடிக்கினு வா. பாய் முன்னால போயிட்டாரு."

சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாலமோ, மேடோ, முச்சந்தியோ, எதைக் கடந்தாலும் முன்வண்டிக்காரர் வாக்கி டாக்கியில் கூப்பிடுவார். ஒவ்வொருவராகப் பதில் சொல்ல வேண்டும். 'கடைசி வண்டி வந்தாச்சு' என்ற சொல் காதில் விழாமல் முன்வண்டி நகரக்கூடாது. யாரையும் வழியில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக ராமலிங்கமே வைத்த வழக்கம் அது. கடைசி இடம் எப்போதும் கான்டெஸாவுக்குத்தான்.

செய்யாறு வறண்டு கிடந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் மணலும் நாணலும். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. முன்னால் போன வண்டிகள் தரைப்பாலத்தைத் தாண்டிப் புழுதிக்குள் மறைந்தன. கான்டெஸா பாலத்தின் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் ஒருமுறை குலுங்கி நின்றுபோனது.

ஆடுகளின் சத்தமும் நின்றது.

அர்ஜுனன் சாவியைத் திருகினான். மறுபடி திருகினான். வாக்கி டாக்கியில் பாயின் குரல் வந்தது. "பாலம் தாண்டியாச்சா எல்லாரும்? சொல்லுங்கப்பா." ஒவ்வொரு வண்டியாகப் பதில் சொன்னது. அர்ஜுனன் பொத்தானை அழுத்தப் போனான்.

அதற்கு முன்பே ஒரு குரல் பேசியது.

"அர்ஜுனா... நிறுத்துப்பா. வண்டி நின்னுபோச்சு. தண்ணி உள்ள வருது."

காந்தாவுக்கு அந்தக் குரலைத் தெரியும். எத்தனை விசேஷங்களில் 'சாப்ட்டியாமா' என்று கேட்ட குரல்.

அடுத்து இன்னொரு குரல் வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே, பதற்றமே இல்லாமல் வந்தது. அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அர்ஜுனனின் குரல். ஆனால் அவன் வாய் அசையவில்லை.

"பாய், கடைசி வண்டி வந்தாச்சு. கண்ணாடியில பாத்துக்கினுதான் இருக்கேன். நீங்க போங்க."

காந்தா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அன்றைக்குக் கொட்டிய மழையில் பெரியவரின் குரல் அவருக்கு முன்னால் போன வண்டிவரைக்கும்தான் எட்டியிருக்கும். அவருக்கு முன்னால் தன் வண்டியில் போனது அர்ஜுனன். மழையில் கண்ணாடி ஏமாற்றிவிட்டது என்று அவன் சொன்னதை எல்லோரும் நம்பியிருந்தார்கள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அந்தக் கனம் எத்தனை பெரியது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

"கேட்டுச்சா உனுக்கு? அவரு கூப்ட்டது கேட்டுச்சாய்யா?"

"நான் ஒண்ணும் தள்ளிவிடலியே காந்தா. நிறுத்தல, அவ்ளோதான். மழை..."

"ஒரு வண்டிக்காகவா?"

அவன் சாவியை மறுபடி திருகினான்.

அவள் கால்விரல்களில் ஜில்லென்றது. குனிந்து பார்த்தாள். கார்ப்பெட்டிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மணல் வெயிலில் மினுங்கியது. உள்ளே கணுக்கால் நனைந்தது, பிறகு முழங்கால்.

அவள் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை.

"இறங்கிக்கோமா." பின்சீட்டிலிருந்து வந்தது அந்தக் குரல். கோபம் இல்லை. வீட்டுக்கு வந்தவளை வழியனுப்புகிற மாதிரிதான் சொன்னது.

என்ன இருந்தாலும் தாலி கட்டியவன். காந்தா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க! விட்டுட்டு வாங்க!" இடது கை வந்தது. வலது கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"வண்டிய விட்டுட்டு எப்படிடி..." என்றான். அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னான்.

அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கின்மேல் இருந்தது அவன் கை மட்டும் இல்லை. அதன்மேல் இன்னொரு கை படிந்திருந்தது. ஊறி வெளுத்து, நகக்கண்ணில் மணல் அப்பிய கை.

அந்தக் கை அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து இறுக்கியது.

அர்ஜுனன் இப்போது விட்டுவிடத்தான் பார்த்தான். முடியவில்லை.

காந்தா வெளியே விழுந்தாள். உள்ளங்கையில் சூடான சிமென்ட் சுட்டது. கதவு அறைந்து சாத்திக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பு நிறத் தண்ணீர் அவன் மார்பைத் தாண்டியது, கழுத்தைத் தாண்டியது. கல்லை எடுத்துக் கண்ணாடியில் அடித்தாள். கல்தான் உடைந்தது. அவன் வாய் அகலத் திறந்தது. என்ன கத்தினான் என்று அவளுக்குக் கேட்கவில்லை.

அவளோடு வெளியே விழுந்து காலடியில் கிடந்த வாக்கி டாக்கியில் பாய் கூப்பிட்டார். "கடைசி வண்டி? அர்ஜுனா, வந்துட்டியா?"

காந்தா பாய்ந்து அதை எடுத்தாள். பொத்தானை அழுத்தி, "பாய், வாங்க, காப்பாத்துங்க!" என்று அலறினாள். அவளுடைய குரல் போகவில்லை. அர்ஜுனனின் குரல்தான் போனது.

"கடைசி வண்டி வந்தாச்சு. நீங்க போங்க."

தூரத்தில் வண்டிகள் கிளம்பும் ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

கோயில் வாசலில் கான்டெஸாவைக் காணாமல் பாய் திரும்பி வந்தபோது காந்தா பாலத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவு இப்போது சுலபமாகத் திறந்தது. சீட்டில் ஈரமில்லை. கார்ப்பெட்டில் ஈரமில்லை. அர்ஜுனனின் சட்டைகூட மொடமொடப்பாக இருந்தது. விரல்களைப் பிரிக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர், தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார், நுரையீரல் நிறைய ஆற்றுமணல் என்றார். எந்த ஆற்றில் என்று போலீஸ்காரர் கேட்டார்.

காந்தா தில்லையம்மாளைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னாள். தில்லையம்மாள் அழவில்லை. "அவரு ஒருத்தரையும் வழியில விட்டுட்டு வரமாட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

வண்டியைப் பிரித்து இரும்பாகப் போட்டாகிவிட்டது. வாக்கி டாக்கியின் பேட்டரியைக் காந்தாவே கழற்றிக் கிணற்றில் எறிந்தாள். வெறும் கூடு அலமாரியில் துணிகளுக்குக் கீழே கிடக்கிறது. தூக்கிப் போடத்தான் நினைக்கிறாள். தொடக் கை வரவில்லை.

மழை பிடிக்கும்போதெல்லாம் அலமாரியிலிருந்து சேற்று வாடை வருகிறது. அப்புறம் அவள் புருஷனின் குரல், மூச்சுத் திணறலோடு.

"நிறுத்துங்கப்பா... தண்ணி உள்ள வருது... யாருனா நிறுத்துங்கப்பா..."

அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். பொத்தினாலும் அடுத்த குரல் கேட்கத்தான் செய்கிறது. வயதான குரல், அவசரமே இல்லாத குரல்.

"கடைசி வண்டி வந்தாச்சு. கண்ணாடியில பாத்துக்கினுதான் இருக்கேன். நீங்க போங்க."