நொட்டை சொன்ன வீடு

மாடிப்படி சத்தம் போடவில்லை.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று அந்தப் படியில் ஏறியிராதவர்கள் கேட்கலாம். அது பழைய மரப்படி. பூனை ஏறினாலே முனகும். மனிதர் ஏறினால், கால் வைக்கும்போது வயிற்றுவலிக்காரர் போல ஒரு நீண்ட முனகல், காலை எடுக்கும்போது உச்சுக்கொட்டுவது போல ஒரு சின்ன ஓசை. வருகிறவர் எந்த மனநிலையில் வருகிறார் என்பதை மாடியறையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட வீட்டில், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு மதியம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு காபி டம்ளர் நீண்டது.

அவர் நாற்காலியோடு துள்ளினார்.

"என்னத்துக்கு இப்படிப் பதறுறீங்க? நான்தான். உங்களுக்குக் காபி போட்டுக் கொடுக்கிற பொறுமை எந்தப் பேய்க்கும் கிடையாது."

"ஏம்மா, படியில ஏறித்தானே வந்தே?"

"இல்ல, பறந்து வந்தேன். ரெக்கையைக் கீழே கழட்டி வச்சிருக்கேன்," என்றாள் மனைவி.

அவர் எழுந்து போய்ப் படியில் கால் வைத்தார். ஒன்றுமில்லை. அழுத்தி மிதித்தார். குதித்தார். பஞ்சுமூட்டையில் குதித்தது போல இருந்தது. முழங்கால் மட்டும் வலித்தது.

"யாரைக் கேட்டு ஆள் கூட்டிட்டு வந்து இதைச் சரி பண்ணே?"

"ஆளா? இந்த வீட்டுக்குள்ள ஒரு ஆள் வந்துட்டு உங்ககிட்ட குறை கேட்காம வெளியே போயிட முடியுமா?"

அவரை உலகம் அறிந்ததே நொட்டை என்ற பெயரில்தான். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திரையில் பச்சை எழுத்து மட்டுமே தெரிந்த காலத்திலிருந்து கம்ப்யூட்டர் விளையாட்டு விளையாடி வருகிறார். விளையாடுவதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, ஒவ்வொன்றைப் பற்றியும் எழுதுவார். அவர் எழுதும் இணையப் பக்கத்தில் யாரோ ஒரு பொடியன் வெறுத்துப்போய் "இந்த நொட்டை தாங்கல" என்று போட, அவர் அதையே பட்டம் போல எடுத்துச் சூட்டிக்கொண்டார்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஒரு காலத்தில் சுரங்கத்துக்குள் லாந்தர் விளக்கோடு நடக்கும் விளையாட்டு ஒன்று வந்தது. எதிரி கிடையாது, துப்பாக்கி கிடையாது. எண்ணெய் தீர்ந்துகொண்டே வரும், அவ்வளவுதான். மேலிருந்து சொட்டும் நீர் கல்லில் விழுந்தால் ஒரு சத்தம், தண்ணீரில் விழுந்தால் வேறு சத்தம். ஒரு கொட்டகையில் உட்கார்ந்து செய்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. இப்போது? ஒரு கண்டத்தையே வரைந்து வைக்கிறார்கள், அதற்குள் போனால் இறகு பொறுக்கச் சொல்கிறார்கள். குதிரை கூரைமேல் நின்று மேய்கிறது. பாதி வெந்ததை வெளியிட்டுவிட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்கிறார்கள், மன்னிப்போடு ஒரு தொப்பியும் விற்கிறார்கள். விவசாய விளையாட்டு ஒன்றில் அடைமழையில் நனையாமல் நின்ற ஒரு கோழியைப் பற்றி அவர் எழுதியது, அந்த விளையாட்டைச் செய்தவர்கள் எழுதிய கதையைவிட நீளம்.

இந்தக் கோழி விவகாரத்தால்தான் ஒரு சின்னக் கம்பெனி, வெளிவராத தன் விளையாட்டை அவருக்குச் சோதிக்க அனுப்பியது. ஒரு வீடு. அதற்குள் நடக்கலாம், அலமாரி திறக்கலாம், காத்திருக்கலாம். பயமுறுத்தும் விளையாட்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் குறை எழுதக் கட்டம் திறக்கும். அவர் முதல் நாளே ஒரே மூச்சில் மூன்று குறைகளை எழுதித் தள்ளினார். எழுதி முடித்தபோது விரல் சூடாக இருந்தது.

முதல் குறை, மாடிப்படி. "இது படியா, பிஸ்கட் டின்னா? மரம் முனகிக் கேட்டதே இல்லையா உங்களுக்கு?"

காபி ஆறிக்கொண்டிருக்க, அவர் விளையாட்டைத் திறந்தார். 'ஒரு குறை சரிசெய்யப்பட்டது' என்று வந்தது. திரையிலிருந்த மாடிப்படியில் ஏறினார்.

நீண்ட முனகல். சின்ன உச்சுக்கொட்டல்.

அவருக்கு முதலில் வந்தது பயம் அல்ல. சுத்தமான ஆத்திரம். திருட்டு! தன் வீட்டுச் சத்தத்தை மைக் வைத்துப் பிடித்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சத்தத்தைப் பிடித்தால் அது இங்கேயும் இருக்க வேண்டுமே என்ற எண்ணம், ஈரத்தரையில் பல்லி போல, மெதுவாகத்தான் ஊர்ந்து வந்தது. அவர் அதைத் துரத்திவிட்டார்.

மறுநாள் மதியம் கம்ப்யூட்டரின் மின்விசிறி வெங்காய வாசனையை ஊதியது.

வெங்காயம் பொன்னிறமாகி, ஓரம் லேசாகக் கருக ஆரம்பிக்கும் வாசனை. அதற்குப் பின்னால் ஈரத்துணி, தரை துடைத்த பினாயில், மனைவியின் தலைமுடி எண்ணெய். அவர் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் ஓட்டைகளில் மூக்கை வைத்து மோந்தார். அறுபது தாண்டிய மனிதர் செய்யக்கூடிய காரியமல்ல. பிறகு சத்தமில்லாத படியில் இறங்கிக் கீழே போனார்.

சமையலறையில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. புகை எழும்பியது. வாசனை இல்லை. சட்டிக்கு மேல் முகத்தை நீட்டினார். சூடு அடித்தது, கண் எரிந்தது, மூக்கில் ஒன்றும் ஏறவில்லை.

"என்ன, சட்டிக்குள்ள விழுந்துடப் போறீங்களா? உங்களை வதக்கினாலும் வேகாது."

"உனக்கு வாசனை வருதா?"

"ஜலதோஷம். மழையில பால்கனியில நின்னீங்கல்ல, வேண்டியதுதான்." அவள் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்தவள். எந்த நோயும் அவளிடம் ஒரு அதட்டலுக்கு மேல் தாங்காது. தைலப் புட்டியைத் திறந்து அவர் மூக்கடியில் பிடித்தாள். அவர் தலையாட்டினார். அவள் சிரித்துக்கொண்டே புட்டியைத் தன் மூக்கருகே கொண்டுபோனாள்.

சிரிப்பு நின்றது. புட்டியை இன்னொரு முறை மோந்தாள். கையிலிருந்த மூடியைப் பார்த்தாள்.

"பழசாயிடுச்சு போல," என்றாள். புட்டி புதிது.

இரண்டாவது குறை அவருக்கு ஞாபகம் வந்தது. வேண்டுமென்றே விஷமத்துக்கு எழுதியது. "சமையலறையில் வாசனையே இல்லை. கம்ப்யூட்டரில் வாசனை வராது என்று சாக்குச் சொல்லாதீர்கள். ஒழுங்காகச் செய்தால் மூக்குக்கு எட்டும்." எட்டிவிட்டது.

அப்புறம் மூன்றாவது.

அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவதை எழுதும்போதுதான் அவருக்கு நல்ல வேகம் வந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. "ஒரு பெண்ணைச் சமையலறையில் நட்டு வைத்திருக்கிறீர்கள். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். எத்தனை தடவை போனாலும் 'தண்ணி கொண்டு வரட்டுமா?' என்று ஒரே ராகம். நீங்கள் எல்லாம் வீட்டில்தான் வளர்ந்தீர்களா? என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கே தினம் ஒரு புது வசவு கண்டுபிடிக்கிறாள். அப்படி ஒருத்தியைக் கொண்டுவந்து வையுங்கள்."

கொண்டுவந்து வையுங்கள்.

"ஏங்க, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. உட்காருங்க."

"நீ இங்கேயே இரு. எங்கேயும் போயிடாதே."

"எங்கே போறது? உங்களைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே வழி அடைஞ்சு போச்சு."

மாடிக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு இளைஞன் எடுத்தான். டெவலப்பராம். அவர் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டான்.

"சார், நாங்க எந்த அப்டேட்டும் அனுப்பலயே. உங்க குறையை நாங்க இன்னும் பிரிச்சே பார்க்கலை சார்."

"பார்க்கவே இல்லையா?"

"நிறைய வருது சார். அதுவும் உங்களுது கொஞ்சம் நீளமா இருந்துச்சு."

இத்தனை நடுக்கத்திலும் அவருக்கு இதுதான் முதலில் சுட்டது. இவ்வளவு உழைத்து எழுதியதைப் படிக்கக்கூட இல்லை. போனை வைத்த பிறகுதான் அடுத்தது தோன்றியது. இவர்கள் படிக்கவில்லை என்றால், படித்தது யார்?

எழுதியதைத் திரும்பப் பெற வழி தேடினார். இல்லை. அந்த விளையாட்டில் குறை சொல்லத்தான் இடம் இருந்தது. சரி, குறைக் கட்டத்திலேயே பாராட்டிவிடலாம். கீழே அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அந்தக் குரலைக் காதில் பிடித்துக்கொண்டே எழுதினார்.

"மூன்றாவது குறையை விட்டுவிடுங்கள். அந்தப் பெண் அப்படியே இருக்கட்டும். அருமையாக இருக்கிறாள். வேறு யாரும் வேண்டாம்."

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மனிதர் பச்சை எழுத்துக் காலத்திலிருந்து எழுதுகிறவர். பாராட்டி எழுதிய எந்த வரியையும் அவர் அதோடு முடித்ததில்லை. கீபோர்டில் விரலுக்குத் தன் வழி தெரியும். கோபமும் இருந்தது, படிக்கவே இல்லையாமே. நினைப்பு எட்டுவதற்குள் விரல்கள் முடித்துவிட்டன:

"ஆனால் ஒரு முறைகூடத் திரும்புவதில்லை. முகம் வரையச் சோம்பேறித்தனமா?"

என்டர் தட்டியதும் அவர் விரலே.

திரையில் ஒரு பட்டை தோன்றியது. 'குறைகள் சரிசெய்யப்படுகின்றன.' பட்டை நிரம்ப ஆரம்பித்தது.

விளையாட்டை மூடப் பார்த்தார். மூடவில்லை. கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினார். அணையவில்லை. பட்டை பாதிக்கு மேல் போயிருந்தது. கீழே முணுமுணுப்பு ஒரு வரியின் நடுவில் நின்றது.

மேசைக்கு அடியில் பாய்ந்தார். தலை இடித்தது. பிளக்கைப் பிடுங்கினார்.

திரை கறுத்தது. மின்விசிறி சுழன்று, தளர்ந்து, நின்றது. மழையும் நின்றிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"ஏம்மா?"

இறங்கினார். இறங்கிய சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

சமையலறையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். அடுப்பில் வெங்காயம் கரியாகியிருந்தது. மூச்சு வந்தது அவருக்கு.

"நல்லா பயமுறுத்தினே போ. ஏன் பாட்டை நிறுத்தினே?"

"தண்ணி கொண்டு வரட்டுமா?"

"விளையாடாதேம்மா."

"தண்ணி கொண்டு வரட்டுமா?"

விளையாட்டில் கேட்ட அதே ராகம். 'வ'வில் அதே சின்ன ஏற்றம்.

"திட்டேன். ஏதாவது திட்டு. நொட்டைன்னு சொல்லு. உன்னைத்தான் கேட்கிறேன், திட்டு!" கத்தினார். கரண்டியை எடுத்துத் தரையில் அடித்தார். கோபப்பட்டால் எல்லாம் பழைய மாதிரி ஆகிவிடும் என்பது போல.

அது திரும்பியது.

முகத்துக்கு இடம் விட்டிருந்தது. நெற்றி இருந்தது. ஒரு புருவம் இருந்தது. அதற்குக் கீழே வெறும் தோல், பாதி வேலையில் யாரோ எழுந்து போனது போல. அவர்தான் பிளக்கைப் பிடுங்கிவிட்டாரே.

"தண்ணி கொண்டு வரட்டுமா?" என்றது. எதைக்கொண்டு சொன்னது என்று தெரியவில்லை.

மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க!"

அவள் குரல். அவளேதான்.

"ஏங்க, கரண்ட்டை எதுக்கு நிறுத்துனீங்க? கண்ணை மூடினாலும் தொறந்தாலும் ஒண்ணுபோல இருக்கு. ஒரு வேலையை உருப்படியா செய்யத் தெரியுதா உங்களுக்கு?"

ஓடினார். விழுந்தார். எழுந்து ஓடினார். மாடியறையில் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. கறுத்த திரைக்குள்ளிருந்துதான் குரல் வந்தது.

"நான் இங்கே இருக்கேம்மா! கேக்குதா?"

கேட்கவில்லை அவளுக்கு. "இங்கே ஒரு கதவு இருக்கு, திறக்க மாட்டேங்குது. பிடி கையில வர மாட்டேங்குது. ஏங்க... இது கதவே இல்லைங்க. சுவத்துல வரைஞ்சு வச்சிருக்கு."

மேசைக்கு அடியில் மண்டியிட்டார். பிளக்கை எடுத்தார். சொருகினால் அங்கே வெளிச்சம் வரும். சொருகினால் பட்டை மிச்சத்தையும் நிரப்பும். கீழே இருக்கிறதற்கு மீதி முகமும் வந்துவிடும். யாருடைய முகம் என்று அவருக்குத் தெரியும். சொருகாவிட்டால், இருட்டு.

"பாழாப்போனவனுங்க," என்றார். அழுதுகொண்டே சொன்னார். பிளக்கின் முனைகளைச் சாக்கெட்டின் ஓட்டையருகே கொண்டுபோனார்.

மேலே, திரைக்குள், அவள் பேச்சை நிறுத்தினாள்.

பிறகு ஒரு பெருமூச்சு.

"அப்பாடா. வந்துட்டீங்களா. இருட்டுல வந்து கையைப் பிடிக்கிற ஆளு, முதல்ல ஒரு குரல் கொடுக்கக் கூடாதா? உயிரே போயிடுச்சு."

அவர் அசையவில்லை.

"சரி, வாங்க, போகலாம். எங்கே கூட்டிட்டுப் போறீங்க? பேசுங்களேன். நாள் பூரா நொட்டை சொல்ற வாய்க்கு இப்போ என்னாச்சு?"

திரைக்குள் அவள் நடக்கும் ஓசை கேட்டது.

"ஏங்க... கை ஏன் இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு?"

மேசைக்கு அடியில், அந்த அரைவெளிச்சத்தில், அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். இரண்டும் பிளக்கை இறுகப் பிடித்திருந்தன.