பெற்றோர் கூடாரம்

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் காலணியில் சிவப்புச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. இந்த வாசா ஊர்ப் பக்கம் மண் கறுப்பு. போதாக்குறைக்குக் கோடை பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மழையில்லை, கண்காட்சி மைதானம் முழுக்கப் புழுதிதான் பறந்தது. இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று டெரெக் ஹால்வர்சன் ஒரு கணம் யோசித்தான். அடுத்தவர் காலைப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று தோன்றவே கண்ணை எடுத்துக்கொண்டான்.

மரியாதைதான் அவனுக்குச் சோறு போட்டது. வீடு விற்கும் தரகன் அவன். ஊரில் பாதி பஸ் நிறுத்தங்களில், பெஞ்சின் முதுகுப்பலகை விளம்பரத்தில் அவன் முகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்த முகத்தை வைத்துக்கொண்டு, பாதித் தலையை மழித்து மீதிக்குப் பச்சைச் சாயம் பூசிய பதினைந்து வயது மகள் பிரினைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊருக்குள் ஓட்ட அவனுக்குக் கூசியது. அன்று காலை வழக்கமான பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தாமல், நெடுஞ்சாலையில் முன்பின் தெரியாத ஒன்றில் நிறுத்தினான். ஏன் இவ்வளவு தூரம் வந்து பெட்ரோல் போடுகிறோம் என்று பிரின் கேட்டிருந்தாலாவது தேவலை.

பஸ்களிலும் லாரிகளிலும் ஊர் ஊராகச் சுற்றும் பங்க் ராக் இசை விழா அது. காலையில் மைதானத்தில் முளைக்கும், பொழுது சாய்ந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். சின்னப் பிள்ளைகள் பெற்றோரோடுதான் வர வேண்டும். கூட வரும் பெற்றோருக்கு டிக்கெட் தேவையில்லை, குளிர்சாதனம் வைத்த ஒரு கூடாரம் உண்டு. அதன் வாசலில் கேலியாக ஒரு பலகை: ‘பெற்றோரை இங்கே விட்டுச் செல்லவும். திரும்பும்போது மறக்காமல் கூட்டிச் செல்லவும்.’

வாசலில் நின்ற பெண் சூயிங்கம் மென்றுகொண்டே அவன் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டையை மாட்டி அழுத்தினாள். “கூட்டிட்டு வந்தவங்கதான் வந்து கூட்டிட்டுப் போகணும். கூப்பிட்டா எழுந்திருங்க. அவ்வளவுதான் சட்டம்.”

“அப்பா, சமர்த்தா இரு. யார்கிட்டயும் மிட்டாய் வாங்கித் திங்காத” என்று பிரின் அவன் தோளைத் தட்டிவிட்டு ஓடினாள்.

வெளியே கொளுத்திய வெயிலுக்கு உள்ளே இருந்த குளிர் முதலில் சுகமாகத்தான் இருந்தது. வெயிலுக்குப் பூசும் களிம்பின் வாசனை, புது பிளாஸ்டிக்கின் வாசனை, அவற்றுக்கு அடியில் நாள் கணக்காகப் பூட்டிக் கிடந்த காரைத் திறந்தால் வருமே, அந்த வாடை. டிரம்ஸ் சத்தம் கூடாரத் துணியைத் தாண்டி, பக்கத்து வீட்டில் யாரோ கதவை இடிப்பதுபோல அமுங்கி வந்தது. முன்வரிசைகளில் நாலைந்து பேர் போனை நோண்டினார்கள், ஒருவர் குறட்டை விட்டார். பின்வரிசைகளில் இருந்தவர்கள் எதுவுமே செய்யவில்லை. கையை முழங்கால்மேல் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு குவளை எலுமிச்சைச் சாறு, விளிம்பு வரை நிரம்பி, ஐஸ் கரைந்து, ஒன்றில் ஒரு தேனீ செத்து மிதந்தது.

சிவப்புச் சேற்றுப் பெண்ணின் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பட்டைகள், வளையல் அடுக்கியதுபோல. அடியில் இருந்தவை வெளுத்து வெள்ளையாகியிருந்தன.

“யாரோட வந்தீங்க?” என்று பேச்சுக்குக் கேட்டான் டெரெக்.

அவள் வாயைத் திறந்தாள். பெயர் ஏதோ சொல்லப் போகிறவள்போல உதடு குவிந்தது. அப்படியே நின்றது. பிறகு மூடிக்கொண்டாள்.

நல்லவேளையாக பிரின் வந்து நின்றாள். தோளில் கிட்டார், முகம் பயத்தில் வெளிறியிருந்தது.

“இவர் உன்னோடவரா?” என்றாள் வாசற்பெண்.

“எங்க அப்பாதான். எழுந்திருப்பா, எங்க முறை வந்தாச்சு.”

டெரெக் எழுந்தான். வாசற்பெண் கத்தரியால் பட்டையை வெட்டி எடுத்தாள்.

அவர்கள் போனது ஊர்ப்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய சின்ன மேடைக்கு. பிரினும் அவள் சிநேகிதிகள் இருவரும் கராஜில் ஒரு வருஷமாகக் கத்திக் கத்திப் பழகியது இந்த ஒரு தடவைக்காகத்தான். “நீ முன்னாடி நிக்கணும். நான் உன்னையே பாத்துட்டுப் பாடிடுவேன். நீ நின்னா போதும்” என்று வாரம் முழுக்கச் சொல்லியிருந்தாள். இப்போதும் சொன்னாள். “முடிஞ்சதும் மேடைக்குப் பின்னாடி வா, சரியா?”

புழுதி அடங்க லாரியில் தண்ணீர் பீய்ச்சியிருந்தார்கள். மேடைக்கு முன்னால் தரை கறுத்துக் குழைந்து கிடக்க, அதில் பிள்ளைகள் ஒருவரையொருவர் முட்டி மோதிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விழுந்தால் முட்டியவனே கைகொடுத்துத் தூக்கிவிட்டான். டெரெக் அதை ஒதுங்கி நின்று பார்த்தபோது முதுகில் ஒரு அடி விழுந்தது.

“அட, ஹால்வர்சன்! நம்ம பெஞ்சுக்காரர்! தினமும் காலைல உங்க மூஞ்சியில சாஞ்சுதான்யா காபி குடிக்கிறேன்!” குழாய் வேலை எடுத்துச் செய்யும் வெய்ன். இரட்டைப் பையன்கள் வைத்திருப்பவர், பழைய வீட்டை விற்றுவிட்டுப் பெரிசாக ஒன்று பார்க்கலாமா என்று யோசிப்பவர். “இந்தக் காட்டுக் கூச்சலுக்கு நீங்க எங்க வந்தீங்க?”

“சும்மா... ஒருத்தரை இறக்கிவிட வந்தேன்.”

மைக் கிறீச்சிட்டது. முதல் பாட்டில் பிரினுக்கு வரிகள் மறந்து போயின. கிட்டார் வேறொரு பாட்டை வாசித்தது. அவள் குரல் நடுவில் உடைந்து கீச்சென்று கிளம்ப, யாரோ காகிதக் குவளையை விட்டெறிந்தார்கள். வெய்ன் வயிறு குலுங்கச் சிரித்தார். பிரின் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தில் தேடினாள். அவனைக் கண்டுபிடித்துவிட்டாள். முகம் அப்படியே மலர்ந்தது.

“அடுத்த பாட்டு எங்க அப்பாவுக்கு. அதோ நிக்கிறாரு பாருங்க.”

கையை நீட்டினாள். தலைகள் திரும்பின.

“என்னங்க, உங்களைக் காட்டுது? உங்க பொண்ணா?” என்றார் வெய்ன்.

“ஐயையோ, இல்லைங்க” என்று சிரித்தான் டெரெக். சிரிப்பு எவ்வளவு சுலபமாக வந்தது. “யார் வீட்டுப் பிள்ளையோ.”

சொல்லிக்கொண்டே ஓரடி பின்னால் வைத்து வெய்னின் அகலமான முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். கால் சேற்றில் புதைந்தது. காலணிக்குள் குளிர்ந்த சகதி ஏறி விரல்களுக்கிடையில் பிதுங்கியது. முதுகின் ஓரமாக எட்டிப் பார்த்தான். மேடையில் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, யாருமில்லாத இடத்தைக் காட்டிக்கொண்டு.

அவன் விறுவிறுவென்று நடந்தான். பொரித்த சீஸ் விற்கும் வண்டிகளையும் சட்டைக் கடைகளையும் தாண்டினான். பாட்டு விடாமல் துரத்தியது.

“ஊரெல்லாம் எங்கப்பா மேல சாஞ்சு உக்காருது...”

கூட்டம் சிரித்தது. பழைய சிரிப்பு இல்லை, பிடித்துப்போய்ச் சிரித்தார்கள். அடுத்த வரியைக் கைதட்டலோடு கேட்டார்கள்.

“...எனக்குன்னா மட்டும் எழுந்து நிக்கிறாரு!”

டெரெக்குக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. திரும்பிப் போயிருக்கலாம். மேடைக்குப் பின்னால் போய் நின்றிருக்கலாம். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற நினைப்பு வந்ததும் கால்கள் தாமாகக் கூடாரத்துக்கு நடந்தன.

“அட, நீங்களாவே வந்துட்டீங்களா?” என்றாள் வாசற்பெண். மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். புதுப் பட்டையை மாட்டினாள். இந்தமுறை அழுத்தி மாட்டினாள்.

முன்வரிசையில் இடமில்லை. கடைசி வரிசையில், சிவப்புச் சேற்றுப் பெண்ணுக்கு அடுத்த நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தான். அவள் எழாமலே சற்று நகர்ந்து இடம் விட்டாள். தெரிந்தவர்களுக்கு இடம் விடுவதுபோல.

இங்கிருந்து பார்க்கும்போதுதான் வரிசை முழுதும் தெரிந்தது. தாடிக்காரர் ஒருவரின் காலணியில் வெள்ளை மணல், கடற்கரை மணல். அடுத்தவருடையதில் மஞ்சள் தூசி. இன்னொருவருடையதில் பைன் மரத்தின் ஊசியிலைகள், காய்ந்து பழுத்தவை. எல்லோருடைய உதடுகளும் குவிந்து குவிந்து அசைந்தன. சத்தமில்லை. காதைக் கொடுத்துக் கேட்டான். ஒரே எழுத்தில் ஆரம்பிக்கப் பார்த்து ஆரம்பிக்க முடியாமல் தவிக்கும் மூச்சு மட்டும்.

டெரெக் பிரினுக்குச் செய்தி அனுப்பப் போனை எடுத்தான். ‘பாட்டு நல்லா இருந்தது’ என்று அடித்தான். அழித்தான். ‘உடம்பு சரியில்லை, அதான்’ என்று அடித்தான். அதையும் அழித்தான். போன் திரை இருண்டது. அதில் அவன் முகம், பெஞ்சில் இருப்பதுபோலவே.

வெளியே வெயில் சாய்ந்தது. பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். வெய்னும் நடுவில் வந்து ஒரு தூக்கம் போட்டிருந்தார்; அவருடைய இரட்டையர்கள் வாசலில் நின்று கூச்சல் போட்டார்கள்.

“இவர் உங்களோடவரா?”

“வேற யாரு இந்தத் தொப்பைக்கு ஆசைப்படுவாங்க? எங்க அப்பன்தான்! யோவ் கிழவா, எழுந்திரு!”

“வந்துட்டேன்டா தடிப்பசங்களா” என்று வெய்ன் சிரித்துக்கொண்டே எழுந்தார். பட்டை வெட்டப்பட்டது. மூவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் முதுகு மறையும் வரை டெரெக் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்வரிசைகள் காலியாயின. பின்வரிசையை யாரும் கூப்பிடவில்லை. குளிர் ஏறியது. டிரம்ஸ் நின்றுவிட்டது. இரும்புக் கம்பிகள் கழன்று விழும் சத்தம்.

பிரின் வந்தாள்.

வாசலில் நின்றாள். கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது. கிட்டாரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள்.

“இவர் உன்னோடவரா?”

அவனையே பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். காத்திருந்தாள். அவன் எழுந்தால் போதும் என்று காத்திருந்தாள், அவனுக்கு அது நன்றாகவே புரிந்தது.

வரிசை முழுதும் திரும்பியது. ஒரே நேரத்தில், எல்லாத் தலைகளும். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

கன்னம் சுட்டது. இத்தனை பேர் முன்னால் எழுந்து, இத்தனை பேர் பார்க்க அந்தப் பிள்ளை முன்னால் போய் நின்று... இவர்கள் கண்ணை எடுக்கட்டும், எழுந்துவிடலாம் என்று நினைத்தான். ஒரு நிமிஷம். தலையைக் குனிந்தான். தன் காலணியைப் பார்த்தான்.

“இல்லைங்க” என்றது பிரினின் குரல். “யார் வீட்டு அப்பாவோ.”

வெய்னிடம் அவன் சொன்னதை அவள் கேட்டிருக்கவே முடியாது.

நிமிர்ந்தான். வாசலில் யாருமில்லை. எழப் பார்த்தான். முழங்கால் கேட்கவில்லை. முழங்கால்மேல் இருந்த கை கேட்கவில்லை. கூப்பிடு. பெயரைச் சொல்லிக் கூப்பிடு. உதடு குவிந்தது. பெயர்.

பெயர் என்ன?

பச்சை முடி. கராஜ். கிட்டார். காலையில் தோளைத் தட்டிய கை. பெயர் மட்டும் இல்லை.

வாசற்பெண் ஜிப்பை இழுத்தாள். கீழிருந்து மேலே. வெளிச்சம் ஒரு கோடாகி மறைந்தது. விளக்கு அணைந்தது. கம்பியைக் கழற்றினார்கள். குளிர்ந்த துணி மெல்லத் தலைமேல் இறங்கியது. முகத்தில் படிந்தது. மூக்கில். வாயில். பக்கத்தில் யாரும் அசையவில்லை. லாரி கிளம்பும் சத்தம்.

பிறகு துணி உயர்ந்தது. வெளிச்சம். பிளாஸ்டிக் வாசனை. டிரம்ஸ் சத்தம், பக்கத்து வீட்டுக் கதவை இடிப்பதுபோல. ஜிப் திறந்த இடைவெளியில் தெரிந்த மண் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் ஒரு குவளை எலுமிச்சைச் சாறு வைக்கப்பட்டிருந்தது, விளிம்பு வரை.

வாசற்பெண் வந்து அவன் மணிக்கட்டில், பழைய பட்டைக்கு மேலே, ஒன்றை மாட்டினாள்.

ஊதா முடிப் பெண் ஒருத்தி தன் அப்பாவை முதுகில் தள்ளி உள்ளே விட்டுவிட்டு ஓடினாள். அவர் அவள் போன திசையைப் பார்த்தார். யாராவது கவனித்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அசட்டுச் சிரிப்போடு முன்வரிசையில் உட்கார்ந்தார். திரும்பி, டெரெக்கின் காலைப் பார்த்தார்.

“எங்க ஊர்ல ஏதுங்க இவ்வளவு கறுப்புச் சேறு?” என்றார். “யாரோட வந்தீங்க?”

டெரெக் வாயைத் திறந்தான்.