வயல் திருப்பி எறிந்த பனி

முதல் தடவை அதைக் காற்றின் வேலை என்றுதான் லிசெத் நினைத்தாள்.

வாசலிலிருந்து சாலையோரத்து அஞ்சல் பெட்டிவரை பாதையை வாரி முடித்து, பனிவாரி எந்திரத்தைத் திருப்பிக்கொண்டு வந்தால், நடுப்பாதையில் ஒரு குவியல் கிடந்தது. காற்று கொண்டுவந்து சேர்க்கும் பனி அப்படி இருக்காது. அது சலித்த மாவுபோல் வழவழப்பாக, ஓரங்களில் மெலிந்து படிந்திருக்கும். இதுவோ கட்டி கட்டியாக, எதுவோ அரைத்துத் துப்பியதுபோல் கிடந்தது. போதாததற்கு, லேசாகப் பெட்ரோல் வாடை வேறு.

"சனியன்" என்று முனகிக்கொண்டு அதையும் வாரி, எந்திரத்தின் வீச்சுக்குழாய் வழியே இடப்பக்கம் பக்கத்து வீட்டு வல்மோனின் வயலுக்குள் எறிந்தாள்.

சமையலறை ஜன்னல் கண்ணாடியில் டக் டக் டக் என்று மரக்கரண்டி தட்டியது. அவள் புருஷன் ரோசேர். போன மாதம்தான் அவன் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பியிருந்தார்கள். கனமாக எதையும் தூக்கக் கூடாது, குளிரில் இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதும், கல்யாணமான நாளிலிருந்து தன்னைத் தவிர யாரையும் தொடவிடாத எந்திரத்தின் சாவியை அவளிடம் கொடுத்தான். வாயை மட்டும் கொடுக்கவில்லை. பனி விழுந்த நாளெல்லாம் நீலக் கம்பளிச் சட்டையோடு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரண்டியால் தட்டித் தட்டி அதிகாரம் செய்துகொண்டிருந்தான்.

ஜன்னல் ஒரு கை அகலம் திறந்தது.

"குழாயை இன்னும் தள்ளித் திருப்புடி! காத்துக்கு எதிரா அடிச்சா உன் மூஞ்சியிலதான் விழும்!"

"விழுந்தா என் மூஞ்சி. நீ ஜன்னலைச் சாத்து. சளி புடிச்சா அதுக்கும் நான்தான் ஓடணும்."

"மெதுவா போ. அது ஒண்ணும் உன் பள்ளிக்கூட பஸ் இல்ல."

"அந்த பஸ்ஸை இந்த மலைரோட்டுல இருபது வருஷம் ஓட்டினேன். ஒரு புள்ளைக்குச் சிராய்ப்பு இல்ல. நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

ஜன்னல் சாத்திக்கொண்டது. உள்ளே அவன் சிரிப்பது தெரிந்தது. நல்லவேளை, சிரிக்கும் அளவுக்காவது இருக்கிறான் என்று ஒரு பக்கம் தோன்ற, மறு பக்கம் அந்தக் கரண்டியைப் பிடுங்கி அடுப்பில் போடலாம்போல் வந்தது. மூன்று நாளாக விடாத புயல். அவனுக்கு ஏதாவது ஒன்று என்றால் ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தாக வேண்டும். அவள் பாதையைத் திறக்கத் திறக்க வானம் அடைத்துக்கொண்டே இருந்தது.

இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது குவியல் இரண்டாகியிருந்தது.

ஈரப் பனி. எந்திரத்தின் வாயில் சுழலும் அலகு அதைக் கடித்துத் திணறியது, வீச்சுக்குழாய் அடைத்துக்கொண்டது. லிசெத் பல்லைக் கடித்தபடி பிடியை விட்டாள், எஞ்சினை அணைத்தாள், சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டாள். டக் டக் டக். ஜன்னல்.

"கையை உள்ள விடாதே! அணைச்சாலும் அலகு முறுக்கிக்கிட்டு நிக்கும். அடைப்பு விட்டதும் ஒரு சுத்து சுத்தும். கையை எடுக்க அதுக்கு ஒரு சுத்து போதும்!"

"தெரியும்யா! குச்சி கையிலதான் இருக்கு, கண்ணு தெரியலியா?"

குச்சியைக் குழாய்க்குள் விட்டுக் குத்தினாள். எஞ்சின் ஓய்ந்ததால் அமைதி திடீரென்று பெரிதாக இருந்தது. கூரையிலிருந்து வழியும் புகை, சூடான எஞ்சின்மேல் பனித்துளி பட்டு உஸ்ஸென்று சாவது, தூரத்தில் உறைந்த சகெனே ஆறு எங்கேயோ நீளமாக விரிசல் விடுவது, இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. மெத்தென்ற சத்தம். யாரோ முற்றத்தில் போர்வையை உதறிப் போடுவதுபோல, நின்று நின்று, ஒரே தாளத்தில்.

நிமிர்ந்து பார்த்தாள்.

பாதையோரத்துப் பனிக்கரைக்கு அப்பால், வயலிலிருந்து வெள்ளையாக ஒரு வீச்சு எழுந்தது. வில்போல் வளைந்து, உச்சியில் ஒரு கணம் நின்று, அவள் இப்போதுதான் வாரிய இடத்தில் பொத்தென்று விழுந்தது.

எஞ்சின் சத்தம் இல்லை. ஆள் சத்தமும் இல்லை.

"வல்மோன்!" தொண்டை கிழியக் கத்தினாள். "பொழுதுபோகலியா உனக்கு? உன் வயல்ல ரெண்டு கூடை பனி விழுந்ததுக்கா இந்தப் பழி? வீட்டுல நோயாளி இருக்கான்யா!"

ஜன்னல் திறந்தது. "யாரைத் திட்டுற?"

"உன் சிநேகிதனை. நான் போடறதை அள்ளி அள்ளித் திருப்பிப் போடறான்."

"வல்மோனா? அவன் ஞாயித்துக்கிழமையே பொண்ணு வீட்டுக்குப் போயிட்டானே. வீட்டுல விளக்கே இருக்காது, பாரு."

பார்த்தாள். வயலுக்கு அந்தப் பக்கம் வல்மோனின் வீடு இருட்டாக நின்றது. அதன் படிகளில் மூன்று நாள் பனி யார் காலும் படாமல் இடுப்பளவு ஏறியிருந்தது.

"அப்ப இது யாரு?"

"எது?"

அவன் உட்கார்ந்திருந்த கோணத்தில் வயல் தெரியாது. அவனுக்கு எப்படி விளக்குவது? விளக்கி, அந்தத் தைத்த நெஞ்சு படபடக்கவா? "ஒண்ணுமில்ல. காத்து" என்று சொல்லிவிட்டு, சாவியைத் திரும்பச் செருகி, கயிற்றை வேண்டியதைவிடப் பலமாக இழுத்து எஞ்சினைக் கிளப்பினாள்.

பயத்தைவிட எரிச்சல்தான் இப்போது அவளை ஓட்டியது. நான் எறிவேன், நீ திருப்புவாயா? திருப்பு பார்க்கலாம். குழாயின் மூடியை மேலே தூக்கி, வேகத்தைக் கூட்டி, எவ்வளவு தூரம் எறியுமோ அவ்வளவு தூரம் எறிந்தாள். பனி வயலின் நடுவில் போய் விழுந்தது. பதிலுக்கு வந்த வீச்சு அவளுடையதைவிட உயரமாக எழுந்தது. அடுத்தது இன்னும் உயரமாக. இன்னும் பக்கத்திலிருந்து. முகத்தில் தெறித்த துளிகள் குளிரவில்லை. நாய் மூச்சுபோல் வெதுவெதுப்பாக இருந்தன.

அஞ்சல் பெட்டியை எட்டுவதற்குள் எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. நின்றது.

பெட்ரோல்.

சாலை கையெட்டும் தூரத்தில் இருந்தது. நகராட்சியின் பனிவாரி வண்டி தள்ளிவிட்டுப் போன, கல்லாய் இறுகிய ஒரு பனிவரம்புதான் பாக்கி. லிசெத்துக்கு அழுகை வந்தது. கொட்டகையிலிருந்து டப்பாவை எடுத்துவந்து மூடியைத் திருகப் போனாள். டக் டக் டக். ஜன்னல் திறக்காமலே அவன் என்ன சொல்கிறான் என்று தெரியும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதே. ஆறட்டும். பொறு.

"பொறுக்கிறேன்! பொறுத்துத்தானே இருக்கேன்!" கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள்.

எஞ்சின் ஆறியது. வெளிச்சம் நீலமாக இறங்கியது. அவள் டப்பாவின்மேல் உட்கார்ந்து, கையுறைக்குள் விரல்களை மடக்கி, கேட்டுக்கொண்டிருந்தாள். பொத். பொத். பொத். பாதையை மூடிக்கொண்டே வந்தது அது. ஒன்று அவள் காலடியில் விழுந்தது. அதற்கடுத்தது வாசற்படியருகில். அடுத்தது விழும் சத்தம் எங்கேயோ பின்னால் கேட்டது.

வீட்டுக்குப் பின்னால்.

எழுந்தாள். பனிக்கரைமேல் முழங்காலால் ஊர்ந்து ஏறினாள்.

வயலில் ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது. கத்தியால் கேக்கை அரிந்ததுபோல் நேரான சுவர்கள். அவள் எந்திரத்தின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். வயலின் நட்டநடுவில், எங்கிருந்தும் வராமல், சும்மா தொடங்கியது. தரையில் சக்கரத் தடம் இல்லை. கால் தடம் இல்லை. அவள் பார்வை அதன் வழியே நடந்தது. முதலில் பாதையை நோக்கி வந்திருந்தது. பிறகு மனம் மாறியதுபோல் ஒரு வளைவு. வேலியைத் தாண்டி, விறகு அடுக்கைத் தாண்டி, அவள் வீட்டை நோக்கி.

வீட்டின் பின்சுவர்வரை.

அதற்கு அப்புறம் இல்லை.

"ரோசேர்!"

கரண்டி தட்டவில்லை. கடைசியாக எப்போது தட்டியது? நினைவில்லை. சறுக்கினாள், விழுந்தாள், எழுந்தாள். ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் இல்லை. வெள்ளையாக இருந்தது. உறைபனி படிந்திருக்கிறது என்று முதலில் நினைத்தாள். கையுறையால் துடைத்தாள். போகவில்லை. அது வெளிப்பக்கம் இல்லை.

உள்ளே. தரையிலிருந்து மேல்சட்டம்வரை. இறுக்கி அடைத்த பனி.

கண்ணாடியோடு ஒட்டி, மரக்கரண்டியின் தலை மட்டும் தெரிந்தது. அசையவில்லை.

கதவுக்கு ஓடினாள். இழுத்தாள். திறந்தது. எதிரே வெள்ளைச் சுவர். கதவின் உட்பக்கப் பலகையின் வடிவம் அச்சு மாறாமல் அதில் பதிந்திருந்தது; தாழ்ப்பாள்கூட. கையுறையை உருவி எறிந்துவிட்டு வெறுங்கையால் தோண்டினாள். வெதுவெதுப்பாக இருந்தது. நகம் பிய்ந்தது. தோண்டினாள். ஆழத்தில், சுவருக்கு அந்தப்புறம், மிக மெதுவாக ஏதோ சுழல்வது உள்ளங்கையில் அதிர்ந்தது.

"ரோசேர்… ஏய் மனுஷா… ஒரு தட்டு தட்டு…"

தலைக்கு மேல் நிழல் ஒன்று கடந்தது. பின்வாங்கி அண்ணாந்தாள்.

புகைக்கூண்டிலிருந்து புகை வரவில்லை. பனி வந்தது. வில்போல் வளைந்து, உச்சியில் ஒரு கணம் நின்று, அவள் காலையிலிருந்து திறந்த பாதைமேல் பொத்தென்று விழுந்தது. வெள்ளை. மறுபடி வெள்ளை. பிறகு சமையலறையின் மஞ்சள் திரைச்சீலைக் கிழிசல்கள். நாற்காலிக் கால் சிம்புகள். நீலக் கம்பளி நூல், சிறு சிறு துண்டாக.

பிறகு வீச்சு நின்றது. கெட்டியான எதையோ கடித்துவிட்ட அலகு திணறுமே, அப்படி ஒரு திணறல். வீடு முழுவதும் ஒருமுறை குலுங்கியது. ஒரு கணம். இன்னொரு கணம்.

அடைப்பு விட்டது. புகைக்கூண்டிலிருந்து அடுத்த வீச்சு, அதே தாளத்தில், மெல்ல எழுந்தது.