மடிக்குத் தெரியாது

கன்றின் கண்மேல் ஈ உட்கார்ந்திருந்தது. பசு அதன் நெற்றியை நாக்கால் வழித்து வழித்து நக்கிக்கொண்டிருந்தது. கன்றோ காதை ஆட்டவில்லை, கண்ணைச் சிமிட்டவும் இல்லை. பானுப்ரியா அதை ஒரு நொடிதான் கவனித்தாள். மத்தியானத்திலிருந்து கைக்குழந்தை நித்திலா பால் குடிக்கவில்லை. மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டு வலித்தது.

குடிக்க விட்டால்தானே! வந்து இறங்கியதுமே பண்ணைக்காரன் லோகேஷின் மனைவி அமுதவல்லி குழந்தையைக் கையில் வாங்கினாள். அதோடு சரி, திருப்பித் தரவேயில்லை. கோழியைக் காட்டினாள், குளிப்பாட்டினாள், "சட்ட நனைஞ்சிடுச்சி பானு, வேற ஒண்ணு குடு" என்று மாற்றுச் சட்டையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வற்புறுத்திக் கேட்கவும் முடியவில்லை. அமுதவல்லியின் குழந்தை போன மாதம்தான் தவறிப்போனது. நித்திலா வயதுதான். அதைப் பற்றி வாயைத் திறந்துவிடாதே என்று கணவன் வினோத் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தான்.

இந்த வினோத்தை என்னவென்று சொல்வது? காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தன்னோடு வேலை பார்த்த லோகேஷ், சொந்த ஊரில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கிறான் என்று கேட்ட நாளிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழவேற்காட்டில் நண்டு சாப்பிட்டுவிட்டு, அப்படியே பண்ணையையும் எட்டிப் பார்த்துவிட்டு, வெளிச்சத்தோடு மீஞ்சூர் திரும்பிவிடலாம் என்றுதான் கூட்டி வந்தான். இப்போது கறவை எந்திரம், புல்வெட்டும் எந்திரம், சாணக்குழி என்று ஒவ்வொன்றின் முன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டு நிற்கிறான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"போலாங்க," என்றாள் பானுப்ரியா. எத்தனையாவது தடவையோ.

"இரு, பால் கறக்கறத பாத்துட்டுப் போயிடலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். மறுபடியும் அந்தக் கன்று. வயிற்றுக்கு அடியில் சாக்குத் தையல் போட்ட நூல் கோணல்மாணலாக ஓடியது. இரண்டு தையலுக்கு நடுவே வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இது..."

"கன்னு செத்துப்போச்சும்மா," என்றான் லோகேஷ். "தோல உரிச்சி, உப்பு தடவி காயவெச்சி, வைக்கோல் திணிச்சி வெச்சிருக்கோம். கண்ணு ரெண்டும் கோலிகுண்டு. எல்லாம் அமுதா தைச்சதுதான். இது பக்கத்துல இல்லன்னா மாடு பால் எறக்காது."

"மாட்டுக்குத் தெரியாதா அண்ணா?"

"தெரியாம இன்னா? மோந்து பாக்குதே, அதுக்குத் தெரியும். மடிக்குத் தெரியாதே!"

வினோத் சிரித்தான். பசுவின் காம்புகளிலிருந்து, யாரும் தொடாமலே, பால் சொட்டத் தொடங்கியிருந்தது.

மின்சாரம் போனது. எந்திரங்கள் அடங்கியதும் மாடுகள் அசைபோடும் சத்தமும், பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றின் இரைச்சலும், சாணமும் உப்பும் கலந்த வாடையும் ஒரேயடியாக வந்து சூழ்ந்தன. வீட்டுக்குள் நித்திலா வீறிட்டாள். சத்தம் உடனே நின்றது. வாயைப் பொத்தியதுபோல.

பானுப்ரியா ஓடினாள். அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அக்கா, கொழந்தைய குடுங்க. பசிக்கும் அவளுக்கு."

"பசியெல்லாம் ஆறிடுச்சி. இப்பதான் கண்ணசர்றா. சத்தம் போடாத."

உள்ளே தூளிக் கயிறு கிறீச்சிட்டது. அதோடு இன்னொரு சத்தம். சரசரவென்று. வைக்கோல் சத்தம்.

படுக்கும் அறையில் வைக்கோல் எதற்கு?

கதவை ஓங்கித் தட்டினாள். பின்னாலேயே வந்த வினோத் அவள் கையைப் பிடித்தான். "இன்னா நீ, அறிவில்ல? புள்ளைய பறிகொடுத்தவங்க. கொஞ்ச நேரம் வெச்சிருந்தா கொறஞ்சிடுமா?"

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. இந்த வீட்டில் அவள் சொல்வது யார் காதிலும் ஏறாது போலிருந்தது. தன் குழந்தைக்காகப் பிச்சைக்காரி மாதிரி வாசலில் நிற்கிறோமே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

கடைசியில் கதவு திறந்தது. அமுதவல்லி துண்டு போர்த்திய குழந்தையை நீட்டினாள். தலையிலிருந்து கால்வரை மூடியிருந்தது.

"ஏரிக்காத்து ஆவாது. ஊரு தாண்டறவரிக்கும் மூஞ்சிய தொறக்காத கண்ணு. முழிச்சிக்குவா."

லோகேஷ் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்த டார்ச் வெளிச்சத்தில் அமுதவல்லியின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருப்பது தெரிந்தது. குளிப்பாட்டிய ஈரமாக இருக்கும். பானுப்ரியா நிற்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

வண்டி கிளம்பியதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. ஏரியோரத்துச் சாலை. ஆளே இல்லை. தூரத்தில் துறைமுகத்து விளக்குகள். உப்பு வாடை அதிகமாக வந்ததால் கண்ணாடியை ஏற்றினாள். வாடை போகவில்லை. கண்ணாடியை ஏற்றியபின் இன்னும் நெருங்கி வந்தது.

தூங்கும் குழந்தை கனக்கும். இவள் கனக்கவில்லை.

"தூங்கிட்டாளா?" என்றான் வினோத்.

அவள் குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டாள். மார்பு சுருக்கென்று குத்தி, கட்டியிருந்த பால் தானாக இறங்கியது. ரவிக்கை நனைந்தது. பாலூட்டிவிடலாம் என்று குழந்தையின் பிடரிக்குக் கீழே கை கொடுத்தாள்.

விரலில் நூல் தட்டியது.

கோணல்மாணலான தையல். முதுகு வரைக்கும்.

துண்டு விலகியது. நித்திலாவின் சட்டைதான், முகம் அவளுடையது இல்லை. காதோரம் வைக்கோல். கத்தவேண்டும், வண்டியைத் திருப்பச் சொல்லவேண்டும். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கார் போய்க்கொண்டே இருந்தது.

பால் மட்டும் நிற்கவில்லை. எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் ஒரு சொட்டு அந்தத் திறந்த கண்ணில் விழுவதைப் பார்த்தாள். கண் சிமிட்டவில்லை.