தங்கக் காது

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: டோங்குவான் நகரத்து ஹெட்போன் ஆலைகளில் உள்ள காதுகளிலெல்லாம் டுவான் ஷூபெயின் காதே காது. மற்றவை கண்ணாடி மாட்டிக்கொள்ளப் படைக்கப்பட்டவை.

ஆலை நிர்வாகம் அவருக்குத் ‘தங்கக் காது’ என்று பட்டம் கொடுத்து, பித்தளைத் தகட்டில் பொறித்துச் சுவரில் அடித்திருந்தது. அவர் தலையாட்டினால்தான் ஒரு மாடல் கடைக்குப் போகும்.

அந்தத் தங்கத்தில் ஓட்டை விழுந்தது அவருக்கு மட்டுமே தெரியும். மெல்லிய மணியோசைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. ஒலியறையில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிச் சமாளித்தார். வெளியே வரும்முன் ஒலிக் குமிழை மறக்காமல் அடியில் இறக்கிவைப்பார்.

அன்று ஆலையின் மதியத் தூக்கம் முடிந்ததும் முதலாளி வருகிறார். புது இயர்போனை அவர் முன்னால் டுவான் கேட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டும். உளறினால் தகடு இறங்கும், கூடவே வேலையும்.

சாப்பிட்டதும் வழக்கம்போல் விளக்குகள் அணைந்தன. ஆலையே மேசைமேல் கவிழ்ந்து உறங்கியது. டுவான் புது இயர்போனோடு ஒத்திகை பார்க்க ஒலியறைக்குப் போனார். வாசலில், கருவி வைத்து ஒலியை அளவெடுக்கும் நிங் மடக்குக் கட்டிலை விரித்துக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டர், இது ரொம்பக் கூர்மையான உருப்படி. பெரிய ஹெட்போன்ல முனகுற அளவு, இதுல இடியா இறங்கும். குமிழ அடியில வச்சுட்டு மாட்டுங்க.”

“எனக்கே பாடமாம்மா?”

“தினமும் காலையில குமிழு சிவப்புக் கோட்டத் தாண்டி நிக்குதே. அதுக்கு மேல போனா காது அம்பேல்.”

“நீதானே திருப்புறேன்னு நெனச்சேன்.”

“நானா? எனக்கு இருக்குறது தகரக் காது. அதையாவது காப்பாத்திக்கறேன்.”

கனத்த கதவு மூடியது.

அந்த அறையில் எதிரொலி கிடையாது. பஞ்சுச் சுவர்கள் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும். தன் ரத்தம் ஓடுவதுதான் தனக்குக் கேட்கும். மூலையில் சோதனைக்கான ரப்பர்த் தலை, ஹெட்போன் மாட்டியபடி நின்றது. முந்தைய தங்கக் காது லூ மாஸ்டர் அந்த ஹெட்போனோடுதான் இந்த நாற்காலியில் செத்துக் கிடந்தார்.

டுவான் குமிழை அடியில் இறக்கினார்.

தைல வாடை அடித்தது. லூ நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் அதே தைலம்.

டிக்.

குமிழ் ஒரு படி ஏறியிருந்தது.

இறக்கினார். இயர்போனைச் செருகினார். ஒரு பெண் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்குப் பின்னால் வேறொரு மூச்சு.

“கேக்கல.”

“லூ... மாஸ்டர்?”

“இன்னும் கொஞ்சம் வைப்பா.”

குமிழைப் பிடித்தார். விரல்களுக்கடியில் அது தானாகச் சுழன்றது. இயர்போனைக் கழற்றியிருக்கலாம். ஆனால் பாட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மணி ஒலித்தது. ஆண்டுக்கணக்கில் அவருக்குக் கேட்காத மணி! கண்ணில் நீர் வந்தது. தகடு தப்பியது.

“வைங்க மாஸ்டர்,” என்று அவரே முணுமுணுத்தார்.

குமிழ் சிவப்புக் கோட்டைக் கடந்தது.

போதும் என்று கையை உயர்த்தியபோது, இரண்டு குளிர்ந்த உள்ளங்கைகள் அவர் காதுகளை அழுத்திப் பொத்தியிருந்தன.

“இன்னும்.”

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

விளக்கு வந்தபோது முதலாளி எதிரே நின்றார். வாய் அசைந்தது. டுவான் பெருமூச்சு விட்டு, கண்மூடி, “மலையோடை,” என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள், கைகள் மட்டும் தெரிந்தன.

நிங் தட்டவில்லை. ரப்பர்த் தலையின் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தவள், சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். யாரும் தொடாத குமிழ் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஏதோ கத்தினாள்.

டுவான் மரியாதையாகத் தலையாட்டினார்.

இயர்போன் நன்றாக விற்கிறது.