ஆளோடு விலை

வீட்டைப் பார்க்கப் போன அன்று உடனிருந்தவர்கள்:

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். வாங்குகிறவர்.

சாவிக்கொத்து என்று நாங்கள் அழைக்கும் தரகர். அவருடைய பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான். அத்தானுக்காக வீட்டைச் சோதித்து எழுதிக் கொடுப்பவன்.

ஆக, மூன்று பேர். படிவத்தில் நான் அப்படித்தான் எழுதினேன்.

ஆறு வருடம் ஒரு கிடங்கில் இரவுக் காவல் வேலை பார்த்துவிட்டு விட்டவன் நான். அங்கே ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொண்டேன். ஆளில்லாத கட்டடம் சும்மா இருக்காது. சொட்டும், முனகும், எங்கேயாவது எதையாவது உதிர்க்கும். நாம் நுழைந்தாலும் அது தன் பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். நாம் நுழைந்ததும் சத்தத்தை நிறுத்துவது ஆள் இருக்கும் இடம் மட்டும்தான்.

அத்தான் பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, வாடகைக்கு விடுகிறவர். இந்த வீட்டில் மாடியும் கீழுமாக நான்கு பகுதிகள். மூன்றை வாடகைக்கு விட்டு, ஒன்றில் குடியேறுவதாகத் திட்டம். அதற்காக, குடியிருந்த ஃபிளாட்டையும் விற்றாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் அதைக் காலி செய்ய வேண்டும். புது வீடு இருவர் பெயரிலும் என்பதால் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும். முந்தின நாள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அவருக்கு விலை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நீ சரின்னாதான்டா நான் கையெழுத்துப் போடுவேன். ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அங்க இருக்கப் போறது நான்."

விலை உண்மையிலேயே கண்ணைப் பறிக்கும் விலை. இந்தத் தொழிலில் ஒரே வீட்டுக்கு இரண்டு விலை உண்டு. காலி விலை, ஆளோடு விலை. வெளியேற மறுக்கும் பழைய குடித்தனக்காரர் உள்ளே இருந்தால், அவரோடு சேர்த்தே வீட்டை விற்பார்கள். விலை பாதியாகும். அவரைக் கிளப்புவது வாங்கியவர் பாடு. இந்த வீட்டின் பத்திரத்தில் 'ஆளோடு' என்றே இருந்தது. ஆனால் ஆள் இல்லை என்றார் அத்தான்.

போகும் வழியில் காரின் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. இருந்தும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கீழ இருந்தவர் போயிட்டாராம், மச்சான். இவங்க பத்திரத்துல மாத்த மறந்துட்டாங்க. நீ பாட்டுக்கு வாயைக் குடுத்துக் கெடுத்துடாதே."

மதியம் இரண்டு மணி. நல்ல வெயில். சாவிக்கொத்து வாசலில் நின்றிருந்தார். கொத்திலிருந்து சரியான சாவியை எடுத்தார். எடுத்தவர் பூட்டில் நுழைக்கவில்லை.

கதவைத் தட்டினார்.

உள்ளே யாரோ தாழ்ந்த குரலில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தது போல ஒரு முணுமுணுப்பு. தட்டியதும் அது நின்றது.

"பழக்கம் தம்பி," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். அவர் படி தாண்டவில்லை. செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

மூடிக் கிடந்த வீட்டில் தூசி வாடை அடிக்க வேண்டும். இங்கே சோப்பு வாசம். அத்தான் மாடிக்கு ஓடினார். அளவு நாடாவைக் கையில் எடுத்துவிட்டால் அவர் சின்னப் பையன். நான் கீழே ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தேன். பூச்சு உறுதி. ஜன்னல்கள் உறுதி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சொட்டு, ஒரு முனகல் கூட இல்லை. வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பின்னறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஒட்டியிருந்த குளியலறையில் குழாய் வறண்டு துருப்பிடித்திருந்தது.

மாடத்தில் இருந்த சோப்பு ஈரமாக இருந்தது.

வாசலுக்கு வந்தேன். குடித்தனக்காரர் எப்போது காலி செய்தார் என்று தரகரிடம் கேட்டேன்.

"காலி பண்ணலயே தம்பி. போயிட்டாருன்னுதான் சொன்னேன்."

"எங்க போனார்?"

அவர் முகவாயால் பின்னறையைக் காட்டினார்.

"அங்கதான். மேசையில தலையைச் சாய்ச்சபடி. மூணு வருஷம் ஆச்சு. அச்சாபீஸ்ல புரூஃப் பார்த்தவரு. ஒரு புள்ளி தப்பா இருந்தாலும் விட மாட்டாரு."

போயிட்டாரு. அத்தான் காதில் விழுந்ததும் தரகர் சொன்னதும் ஒரே சொல்தான். பொருள்தான் வேறு.

அப்படியானால் பத்திரத்தில் ஏன் 'ஆளோடு' என்று இருக்கிறது என்றேன். சாவிக்கொத்து சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே பதில் சொன்னார்.

"ரெண்டு தடவை காலின்னு போட்டு வித்தாங்க. ரெண்டு தடவையும் வாங்குனவங்க வந்து சாவியை என் கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி போட்டிருக்கு. ஏமாத்திட்டேன்னு நாளைக்கு யாரும் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாது பாருங்க."

அத்தான் வியர்த்து, சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார். படிவத்தை முன்னறை ஜன்னல் திண்டில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். 'குடியிருப்போர்' என்ற இடத்தில் 'ஒருவர்' என்று எழுதியதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு போய்விட்டது. சோப்பையும் தரகர் சொன்னதையும் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்தார். மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

"உயிரோட இருந்தா கிளப்புறதுக்கு வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலையணும். இவருக்கு வக்கீல்கூட வேண்டாம். லாபம்தானேடா? ராத்திரி ராத்திரியா முழிச்சு உனக்கு மூளை கலங்கிப் போச்சு."

என் பேனாவைப் பிடுங்கி 'ஒருவர்' என்பதை அடித்தார். 'இல்லை' என்று எழுதினார். அங்கேயே அக்காவை ஃபோனில் கூப்பிட்டு என் காதில் வைத்தார்.

"என்னடா, சரிதானா?" என்றாள் அக்கா.

நான் வேலை இல்லாதவன். அவர்கள் வீட்டு ஹாலில் படுக்கிறவன். அவர் கண்ணெதிரே நிற்கிறார்.

"சரிதான்க்கா," என்றேன்.

படிவத்தை அங்கேயே விட்டுவிட்டு இருவருமாக மாடி ஜன்னல்களைச் சாத்தப் போனோம். திரும்பி வந்து மடித்துப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன்.

'இல்லை'யின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு. ஓரத்தில் ஒரு சுழி, நீக்கச் சொல்லும் குறி. அதன் பக்கத்தில் பொடியான, அழகான எழுத்தில்: ஒருவர்.

எங்கள் மூவரிடமும் சிவப்புப் பேனா கிடையாது.

மேலே பார்த்தேன். 'உடனிருந்தோர்: மூவர்' என்று நான் எழுதிய வரியிலும் அதே சுழி.

நால்வர்.

அக்காவிடம் ஓடினேன். அதற்குள் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டாள். அத்தான் படிவத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, நானே எழுதிக்கொண்டு வந்து பூச்சாண்டி காட்டுவதாகச் சொன்னார். அக்கா கையை நீட்டினாள். படிவத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். திரும்பிப் போக ஃபிளாட்டும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

குடிபோகும் நாள் காலையில் முதல் வண்டியோடு அக்கா முன்னால் போனாள். அடுத்த வண்டியில் அத்தான், நான், பிள்ளைகள். போய்ச் சேர்ந்தபோது முதல் வண்டியின் சாமான்கள் எல்லாம் வாசலிலேயே கிடந்தன. கதவு சாத்தியிருந்தது. அத்தான் சாவியைப் போட்டுத் திருகினார். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள்.

மாடி ஜன்னலில் அக்கா தலை தெரிந்தது.

"தட்டிட்டு நில்லுங்க," என்றாள். பல வருடமாக அங்கே இருப்பவள் போன்ற குரல். "கீழ இருக்கிறவர் வந்து திறப்பார்."

"யாருடி கீழே?"

"குடியிருக்கிறவர்தான். பத்திரத்துலயே போட்டிருக்கே."

ஜன்னல் மூடிக்கொண்டது.

அத்தான் என்னைப் பார்த்தார். கேலி செய்ய அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. வாங்கிய எந்த வீட்டிலும் அவர் கதவு தட்டி நான் பார்த்ததில்லை. அன்று தட்டினார்.

உள்ளே முணுமுணுப்பு நின்றது.

தாழ்ப்பாள் விலகியது. ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் கதவு திறந்தது. உள்ளே இருட்டு. சோப்பு வாசம். மாடிப்படியில் காலடி எதுவும் கேட்கவில்லை. அக்கா இறங்கி வரவில்லை.

"போகாதீங்க," என்றேன்.

"அவ மேல இருக்காடா."

உள்ளே போனார். சின்னவன் பின்னாலேயே ஓடப் பார்த்தான். இருவர் கையையும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கதவு சாத்திக்கொண்டது. பலகைக்கு அந்தப் பக்கம், வெகு அருகில், யாரோ நிதானமாகத் திருத்தி வாசித்தார்கள்.

"குடியிருப்போர்: மூவர்."

அதன் பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.